இடது ஓரத்துச் சின்னப் பெட்டி

மொபைல் ஆப் செய்யும் வேலைக்கான நேர்முகத்தில், ஒரு ஆப்பை எப்படிக் கட்டுவது என்று வரைந்து விளக்கச் சொல்லும் சிஸ்டம் டிசைன் சுற்றுக்குத் தயாராகும் தம்பி தங்கைகள், பயிற்சிக்கு வரைந்த படங்களை எனக்கு அனுப்புவார்கள். "அண்ணா, ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று கீழே ஒரு வரி இருக்கும். படம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றேதான். வலது பக்கம் முழுக்க லோட் பாலன்சர், ஏபிஐ கேட்வே, நாலைந்து மைக்ரோசேவிஸ், நடுவில் காஃப்கா, கீழே துண்டு துண்டாகப் பிரித்த டேட்டாபேஸ், பக்கத்தில் ரெடிஸ், மேலே சிடிஎன் என்று சேவர் பக்கத்து உறுப்புகள். இடது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் 'கிளையன்ட்' என்று எழுதியிருக்கும், அதாவது போனில் ஓடும் ஆப். அங்கிருந்து ஒரே ஒரு அம்புக்குறி வலப்பக்கம் போகும். அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளத்தான் ஒரு நிறுவனம் இவர்களைத் தேடுகிறது. படத்திலோ அதற்கு ஒரு விரற்கடை இடம்தான்.

இது எனக்கு நெடுநாள் உறுத்தல். இவர்களில் பலர் நல்ல வேலைக்காரர்கள். கொட்லின், ஸ்விஃப்ட் என்ற ஆப் எழுதும் மொழிகள் கைவந்தவர்கள், திரை கட்டும் கருவியான கம்போஸில் ஒரு திரையை மத்தியானத்துக்குள் கட்டி முடித்துவிடுவார்கள். ஆனால் 'சாட் ஆப் ஒன்றை வடிவமைத்துக் காட்டுங்கள்' என்றதும் தாங்கள் தினமும் செய்யும் வேலையை மறந்துவிட்டு, வேறொருவர் வேலையை வரையத் தொடங்குகிறார்கள். காரணம் விளங்காமலில்லை. இணையத்தில் கிடைக்கும் சிஸ்டம் டிசைன் பாடங்களில் பெரும்பகுதி சேவர்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஒரு செக்கனுக்கு எத்தனை கோரிக்கை, எத்தனை டெராபைட், எந்த நகரத்தில் டேட்டா சென்டர் என்ற கணக்குகள்தான் அவற்றில் நிறைந்திருக்கும். மொபைலுக்கென்று தனியாக எழுதியவை குறைவு. கிடைத்ததைப் படிக்கிறார்கள், படித்ததை வரைகிறார்கள். பேட்டி காண்பவர்களிலும் சிலர் அதையே எதிர்பார்க்கிறார்கள். மொபைல் பதவிக்கான ஒரு நேர்முகத்தில் என்னிடமே பெரும்பாலான நேரம் டேட்டாபேஸை எந்தச் சாவியை வைத்துப் பிரிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வெளியே வந்தபோது வேலை கிடைக்குமா என்ற கவலையைவிட, அந்த நிறுவனத்தின் ஆப்பை யார் யோசிக்கிறார்கள் என்ற கேள்விதான் பெரிதாக இருந்தது.

பிறகு மேசையின் மறுபக்கத்திலும் உட்கார்ந்தேன். கேள்வி கேட்பவனாக நான் தேடுவது என்னவென்று இப்போது ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும். முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ தரப்படும் அந்தச் சுற்றில், ஒருவர் போனை ஓர் இடமாக நினைத்துப் பார்க்கிறாரா என்பதைத்தான் கவனிக்கிறேன். பற்றரி இறங்கும் இடம், இடவசதி நிறைந்துபோகும் இடம், சிக்னல் வந்து வந்து போகும் இடம், இயங்குதளம் எந்த நேரத்திலும் ஆப்பைக் கொன்றுவிடக்கூடிய இடம். இதை நினைத்துப் பார்க்கிறவருக்கு லோட் பாலன்சர் பற்றித் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

மேட்டுக்குப் போனால்தான் போகும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு தம்பியோடு சனிக்கிழமை பின்னேரங்களில் உட்காரத் தொடங்கினேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவர். வேலை தெமட்டகொடைப் பக்கம், வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறார். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் என் வீடு. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு, நான் பேட்டி காண்பவனாகவும் அவர் வந்தவராகவும் பழகினோம். ஆங்கிலத்தில்தான். நேர்முகம் ஆங்கிலத்தில்தானே.

நான் கேட்டது எல்லோரும் கேட்கும் கேள்வி: ஒரு சாட் ஆப். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், குரல் மாறியது. தேவைகளைத் தெளிவுபடுத்துகிறேன் என்றார். செயல்சார் தேவைகள், செயல்சாராத் தேவைகள் என்று இரண்டு தலைப்புப் போட்டார். பத்து மில்லியன் பாவனையாளர்கள் என்று வைத்துக்கொள்வோமா என்றார். வெப்சொக்கெட் என்றார், காஃப்கா என்றார், கடகடவென்று பெட்டிகள் எழுந்தன. ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஒன்றுகூட அவருடையதில்லை. நான் இடையில் 'நெட் இல்லாதபோது?' என்று கேட்டால், 'ஓஃப்லைன் ஆதரவுக்கு லோக்கல் கேஷ் (போனிலேயே ஒரு தற்காலிகச் சேமிப்பு) வைப்போம்' என்று ஒரு வரி வரும், உடனே பேச்சு சேவருக்குத் திரும்பிவிடும்.

தாளைத் திருப்பிப் போட்டேன். தமிழுக்கு மாறினேன்.

"தம்பி, உங்கட அம்மா தோட்டத்தில இருந்து உங்களுக்கு வொய்ஸ் மெசேஜ் போடுறவவோ?"

"போடுவாங்கண்ணா. தெனமும்."

"அங்க சிக்னல் எப்பிடி?"

"லயத்துல ஒரு கோடு இருக்கும். அதுவும் வந்து வந்து போகும். அம்மா அங்கயே பேசி அனுப்பிருவாங்க. அந்தக் கடிகாரம் மாதிரி அடையாளம் வருமே, அது அப்படியே நிக்கும். பெறகு கோயில் மேட்டுப் பக்கம் எதுக்காச்சும் போவாங்க. மேட்டுக்குப் போனாத்தான் சிக்னல். அங்க போனதும் தானா போயிரும்."

"அம்மா திரும்ப அமத்த வேணுமோ?"

"இல்ல. அவங்க போனப் பாக்கவே மாட்டாங்க. பையில கெடக்கும்."

"அப்ப அவ்வளவு நேரமும் அந்த மெசேஜ் எங்க இருந்தது?"

கொஞ்சம் யோசித்தார். "போன்ல."

"போன்ல எங்க? இடையில போன் ஓஃப் ஆகி ஒன் ஆனா?"

"அப்பவும் போகும். போயிருக்கு." பேனாவை எடுத்தார். "அப்ப மெமரியில இருந்திருக்காது. ஒலி ஒரு ஃபைலா டிஸ்க்குல இருக்கும். அந்த ஃபைல் எங்க இருக்கு, யாருக்குப் போகணும், இன்னும் போகலங்குறது எல்லாம் போனுக்குள்ள இருக்குற எஸ்கியூலைட் டேட்டாபேஸ்ல ஒரு வரியா இருக்கும்." தாளின் நடுவில் ஒரு போனைப் பெரிதாக வரைந்தார். அதற்குள் ஓர் அட்டவணை: மெசேஜ் எண், யாருக்கு, ஃபைல் இருக்கும் பாதை, நிலை, எத்தனை தரம் முயன்றது. சேவருக்கு இப்போது வலது மூலையில் ஒரு சின்ன வட்டம்தான்.

அதற்குப் பிறகு நான் அதிகம் பேசவில்லை. அவர்தான் பேசினார், அவர்தான் கேட்டார். "அண்ணா, மெசேஜ் சேவருக்குப் போய்ச் சேந்திருச்சு, ஆனா சேந்திருச்சுங்குற பதில் திரும்ப வர்றதுக்குள்ள சிக்னல் போயிருச்சுன்னா? போனுக்குத் தெரியாதே. மறுபடி அனுப்புமே. எனக்கு ரெண்டு தரம் வருமே." இந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனையோ பேட்டிகளில் காத்திருந்திருக்கிறேன். மொபைல் வடிவமைப்பின் நடு முடிச்சு இதுதான். நெட்வேர்க் போனால் கோரிக்கை தோற்றது என்று பொருளில்லை. தோற்றதா வென்றதா என்று தெரியாது என்பதுதான் பொருள். தெரியாத நிலையில் மறுபடி அனுப்பித்தான் ஆகவேண்டும், மறுபடி அனுப்பினாலும் ஒன்றாகவே கணக்கில் வரவேண்டும். அதற்கு மெசேஜுக்கான அடையாள எண்ணை சேவர் தரும்வரை காத்திராமல், அனுப்பு பொத்தானை அமத்திய கணமே போன் தானே உண்டாக்க வேண்டும். அதே எண்ணோடு இரண்டாம் முறை வந்தால் சேவர் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே திருப்பிக் கொடுக்கும். பணம் அனுப்பும் ஆப் என்றாலும் இதே வழிதான், அங்கே இரண்டு தரம் போனால் வலி கூட.

யார் மறுபடி அனுப்புவது என்ற கேள்வி அடுத்து வந்தது. ஆப் திறந்தில்லை, போன் பையில் கிடக்கிறது. அன்ட்ரொய்டில் 2015இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து டோஸ் என்ற உறக்க நிலை உண்டு. அசையாமல் திரை அணைந்து கிடக்கும் போனில் பின்னணி வேலைகளை இயங்குதளம் தள்ளிப்போடும். நடந்துபோகிறவரின் பையில் போன் அசைகிறது என்பது அம்மாவின் விஷயத்தில் கொஞ்சம் உதவி. அன்ட்ரொய்டில் பின்னணி வேலைகளைப் பொறுப்பேற்கும் வேர்க்மனேஜரிடம் 'நெட் இருக்கும்போது இந்த வேலையைச் செய்' என்று கொடுத்துவிடலாம், போன் அணைந்து எழுந்தாலும் அது மறக்காது. ஆனால் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னால் 15 நிமிடத்துக்குக் குறைவாக அது ஏற்காது. ஐஓஎஸில் நிலைமை இன்னும் இறுக்கம். பின்னணியில் எப்போது நேரம் தருவது என்பதை இயங்குதளமே தீர்மானிக்கும், நாம் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். இந்த வரம்புகளைத் தெரிந்து பேசுகிறவருக்கும், பின்னணியில் ஒத்திசைப்போம் என்று ஒரு வரியில் தாண்டுகிறவருக்கும் இருக்கும் வித்தியாசம் பேட்டி காண்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

தோற்றால் எவ்வளவு பொறுத்து மறுபடி முயல்வது என்பதற்கு அவர் படித்த பதிலே கைகொடுத்தது. ஒரு செக்கன், இரண்டு, நான்கு, எட்டு என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது, ஒவ்வொரு இடைவெளியோடும் கொஞ்சம் ஒழுங்கற்ற நேரத்தைச் சேர்ப்பது. ஏன் ஒழுங்கற்ற நேரம் என்று கேட்டேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். கரண்ட் நீண்ட நேரம் போனால் டவரின் பற்றரியும் இறங்கும். டவர் உயிர்பெற்ற கணத்தில் அந்தப் பகுதிப் போன்கள் எல்லாம் ஒரே செக்கனில் கதவைத் தட்டினால்? "அதுக்குத்தானா அது!" என்றார். அத்தனை காலமும் ஒரு சொல்லாக மட்டும் இருந்தது அந்தக் கணத்தில் அவருக்குக் காரணமாகிவிட்டது.

யாருடைய கடிகாரம்

வரிசை பற்றிய பேச்சு தனியே நீண்டது. மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் காலையில் பேசியதும் மத்தியானம் பேசியதும் ஒன்றாகப் போகின்றன. இடையில் இவரும் கொழும்பிலிருந்து இரண்டு அனுப்பியிருப்பார். திரையில் எது மேலே, எது கீழே? போனின் நேரத்தை வைத்து அடுக்கலாம் என்றார். போனின் நேரத்தை யார் வைத்தது என்று கேட்டேன். பற்றரி செத்து எழுந்த பழைய போனில் திகதி தப்பாக இருக்கலாம், விளையாட்டில் கூடுதல் உயிர் வாங்குவதற்காகப் பிள்ளைகள் நாளை முன்னே தள்ளியிருக்கலாம். இலங்கைக்காரர்களுக்கு இதை விளக்க வேறு உதாரணமே தேவையில்லை. மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதத்தில் நாட்டின் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே கொண்டுவந்தார்கள். 2006 ஏப்ரலில் மீதி அரை மணியையும் குறைத்து, இந்தியாவோடு ஒத்த பழைய ஐந்தரை மணிக்கே திரும்பினோம். ஒரு நாட்டின் நேரமே இப்படி அசையும்போது ஒரு போனின் நேரத்தை நம்பி வரிசை போட முடியாது. சேவர் தன்னிடம் வந்த ஒழுங்கில் ஒரு தொடர் எண் கொடுக்கட்டும், அடுக்குவது அதை வைத்து. போனின் நேரம் 'அம்மா பேசியது இத்தனை மணிக்கு' என்று காட்டுவதற்கு மட்டும். இன்னும் போகாமல் நிற்பவை எப்போதும் அடியில். இதைத் தம்பிதான் கடைசியில் கட்டினார். நான் 1996ஐச் சொன்னதோடு சரி. அவர் அப்போது பிறக்கவே இல்லை.

படங்கள் பற்றியும் ஒரு கணக்குப் போட்டோம். பேட்டிகளில் செக்கனுக்கு எத்தனை கோரிக்கை என்று கணக்குப் போடுவதைவிட இந்தக் கணக்கு மொபைல்காரருக்கு மதிப்புக் கூட என்று நினைக்கிறேன். 12 மெகாபிக்சல் கமராவில் எடுத்த படம் டிஸ்க்கில் சில மெகாபைட்தான். திரையில் காட்ட அதை விரித்தால் 4000க்கு 3000 புள்ளிகள், ஒரு புள்ளிக்கு 4 பைட், மொத்தம் 48 மெகாபைட் மெமரி. சாட் பட்டியலில் இப்படி ஆறேழு படம் ஓடினால் மலிவான போனில் ஆப் விழுந்துவிடும். திரைக்குத் தேவையான அளவுக்குச் சுருக்கி விரிப்பது, மெமரியில் ஒரு கேஷ், டிஸ்க்கில் ஒரு கேஷ், பட்டியல் நகர்ந்து போனதும் இறங்கிக்கொண்டிருக்கும் படத்தை நிறுத்துவது என்று மற்றதெல்லாம் இந்த ஒரு பெருக்கலிலிருந்தே வரும். 1600க்கு 1200 ஆகச் சுருக்கினால் எட்டு மெகாபைட்டுக்கும் குறைவு. டேட்டா கார்ட் போட்டு நாளை ஓட்டுகிற ஒருவருக்கு, அனுப்பும் முன்னே போனிலேயே சுருக்குவது காசு மிச்சம்.

இன்னொன்று, அநேகமாக எந்தப் பாடத்திலும் வராதது. ஆப் திறக்காதபோதும் சேவர் போனுக்கு அனுப்பும் புஷ் அறிவித்தலின் கொள்ளளவு அப்பிளிலும் கூகுளிலும் 4 கிலோபைட். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது தாராளம். தமிழும் சிங்களமும், எழுத்துகளை பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் எடுக்கும். 'வணக்கம்' என்ற சொல்லே, புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணும்போது, 7 குறி, 21 பைட். முழு மெசேஜையும் அறிவித்தலில் திணிக்கும் வடிவமைப்பு ஆங்கிலச் சோதனையில் வென்று, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பெரியப்பா நீளமாக எழுதும் நாளில் தோற்கும். நீளத்தை பைட் கணக்கில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டுத் திரையில் கேள்விக்குறிப் பெட்டிகள் தெரியும். குறிக் கணக்கில் வெட்டினாலும் கொம்பும் புள்ளியும் கழன்றுபோய் 'கொ' வெறும் 'க' ஆகிவிடலாம். ஆகவே அறிவித்தலில் மெசேஜின் எண்ணும் சின்ன முன்னோட்டமும் மட்டும் போகட்டும், மீதியைப் போன் வந்து எடுக்கட்டும். மும்மொழி நாட்டில் ஆப் செய்கிறவர்களுக்கு இது கைப்பழக்கமாக இருக்க வேண்டும். பேட்டியில் இதைச் சொன்ன ஒருவரைக்கூட இன்னும் நான் சந்திக்கவில்லை. சொன்னால் நான் எழுந்து நின்று கைகொடுப்பேன்.

மனப்பாட வாக்கியம் இல்லாத மொழி

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு நான் திரும்பத் திரும்ப யோசித்தது, மொழி மாறியதும் ஏன் அவர் மாறினார் என்பதைத்தான். ஆங்கிலம் போதாமல் இல்லை. கம்பஸில் ஆங்கிலத்தில் படித்தவர், தினமும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசுகிறவர். என் முடிவு இது: சிஸ்டம் டிசைன் பற்றித் தமிழில் அவரிடம் தயாராக ஒரு வாக்கியமும் இல்லை. யாரிடமும் இல்லை. ஆகவே அந்த மொழியில் ஒப்புவிக்க முடியாது, என்ன நடக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் வாயைத் திறந்தாலோ, பார்த்த காணொளிகளின் வாக்கியங்கள் முண்டியடித்து வெளியே வருகின்றன, யோசிக்க இடம் விடாமல்.

அதனால் இப்போது எல்லோருக்கும் சொல்வது இதுதான். முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் அல்ல, சத்தமாக. அறைத் தோழரிடம், அக்காவிடம், கணினி தெரியாத ஒருவரிடம் என்றால் இன்னும் நல்லது. பொத்தானை அமத்தியதிலிருந்து மற்றவர் திரையில் தெரியும்வரை ஒரு மெசேஜின் கதையைச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறீர்களோ அதுதான் நீங்கள் படிக்க வேண்டிய இடம். பிறகு அதே கதையை ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் சொல்லிப் பழகாமல் போகக்கூடாது, நேர்முகத்தில் கதவு அந்த மொழியில்தான் திறக்கிறது. ஆனால் யோசனை அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும்.

இதற்கு அடியில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. நாமெல்லாம் கடந்தகால வினாத்தாள் செய்து வளர்ந்தவர்கள். உயர்தரத்துக்குப் பத்து வருடத்து வினாத்தாளைச் செய்து, புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிட்டு, எந்தச் சொல் விழுந்தால் எத்தனை புள்ளி என்று அறிந்து எழுதினோம். அந்தப் பழக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், தோட்டத்துப் பாடசாலையிலிருந்து பல்கலைக்கழகம்வரை ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தது அதுதான். அந்தக் கடுமையான போட்டியில் வேறு வழியும் இல்லை. ஆனால் அங்கே கேள்வி முழுமையாக அச்சிட்டு வரும், நாம் கேள்வியைக் கேள்வி கேட்பதில்லை. இங்கேயோ கேள்வி வேண்டுமென்றே அரைகுறையாகத் தரப்படுகிறது. மீதியை வந்தவர் கேட்டுப் பெறவேண்டும். பெரியவர் கேட்கும்போது குறுக்கே கேட்காதே என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சும்மா வராது. ஒரு தங்கை என்னிடம் சொன்னார், "திருப்பிக் கேட்டா எனக்குத் தெரியேல்லை எண்டு நினைச்சிடுவினமோ எண்டு பயம் அண்ணா." மறுபக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், திருப்பிக் கேட்காதவர்களைப் பற்றித்தான் எங்களுக்குப் பயம்.

என்ன கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். எத்தனை மில்லியன் பாவனையாளர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை மில்லியன் பேர் இருந்தாலும் ஒரு போனுக்குள் ஒருவர்தான் இருக்கிறார். அதைவிட, இயங்குதளத்தின் எந்தப் பழைய பதிப்புவரை ஆதரிக்க வேண்டும், நெட் இல்லாமல் எதெல்லாம் வேலை செய்ய வேண்டும், ஒரே கணக்கு இரண்டு போனில் திறந்திருக்கலாமா, எவ்வளவு பழைய செய்திகளைப் போனில் வைத்திருப்பது, தகவல் பழையதாக இருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பழைய பதிப்பு பற்றிய கேள்வி இங்கே வெறும் சம்பிரதாயமல்ல. 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, வருட நடுவில் 360ஐத் தொட்டது. புதுப் போன் வாங்க இருந்தவர்கள் பழையதையே இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். உடைந்த கண்ணாடியை புறக்கோட்டையில் மாற்றிக்கொண்டு ஓட்டுகிற அந்தப் போனில்தான் நம் ஆப் ஓட வேண்டும்.

திருப்பி எடுக்க முடியாதது

சேவர்காரருக்கும் நமக்கும் இடையில் உள்ள மிகப்பெரிய வித்தியாசத்தையும் பேட்டிகளில் அரிதாகத்தான் கேட்கிறேன். சேவரில் பிழை போனால் சில நிமிடங்களில் பழையதைத் திரும்பப் போடலாம். போனில் இறங்கிய பதிப்பைத் திருப்பி எடுக்க முடியாது. பிளே ஸ்டோரில் சிறு விகிதத்தினருக்கு மட்டும் விட்டுப் பார்க்கலாம், பிழை கண்டால் நிறுத்தலாம், ஆனால் ஏற்கெனவே இறக்கியவர்களுக்கு அடுத்த பதிப்பைத்தான் அனுப்ப வேண்டும். அப்பிளின் படிப்படியான வெளியீடு 7 நாளில் நூற்றுக்கு 1, 2, 5, 10, 20, 50, 100 என்று ஏறும். அந்த முதல் ஒரு வீதத்தில் பிழையைக் கண்டுபிடிக்க என்ன கருவி வைத்திருக்கிறீர்கள், புது அம்சத்தை சேவரிலிருந்தே அணைக்க ஆளி இருக்கிறதா, இரண்டு வருடமாக அப்டேட் செய்யாத ஒருவருக்கு உங்கள் ஏபிஐ (ஆப் சேவரோடு பேசும் வாசல்) என்ன பதில் சொல்லும்? வடிவமைப்பு என்பது படத்தோடு முடிவதில்லை என்று காட்ட, கடைசி ஐந்து நிமிடத்தில் இவற்றில் ஒன்றைத் தொட்டாலே போதும்.

நான் சொல்லும் எல்லாவற்றையும் தம்பி ஒத்துக்கொள்வதில்லை. சேவர்ப் பெட்டிகளை வரையாமல் போனால் சில இடங்களில் புள்ளி விழாது, உங்களை மாதிரி எல்லோரும் கேட்க மாட்டார்கள் என்கிறார். அது உண்மை. பேட்டி காண்பவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதை முதல் சில நிமிடத்திலேயே முகத்தில் படிக்கப் பழகுங்கள், ஐந்து நிமிடத்தில் வலப்பக்கத்தை வரைந்து முடியுங்கள், பிறகு போனுக்கு வாருங்கள் என்பது எங்களுக்குள் ஏற்பட்ட சமரசம். இடையில் ஓர் இடத்தில் அவர் டிசைன் சுற்றைத் தாண்டினார், சம்பளப் பேச்சில் ஒத்துவரவில்லை, விட்டுவிட்டார். அடுத்ததற்குத் தயாராகிறார்.

இப்போது எடுத்திருப்பது, காலி வீதி பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப். கொண்டக்டரின் போன் தன் இருப்பிடத்தை அனுப்ப வேண்டும், அந்தப் போனின் பற்றரி மொறட்டுவைக்கும் புறக்கோட்டைக்கும் இடையில் நாள் முழுக்கத் தாங்க வேண்டும். அன்ட்ரொய்ட் 8க்குப் பிறகு பின்னணியில் கிடக்கும் ஆப்புக்கு இருப்பிடம் மணிக்குச் சில தடவைதான் கிடைக்கும். ஆகவே நிரந்தர அறிவித்தலோடு ஓடும் ஃபோர்கிரவுண்ட் சேவிஸ் வேண்டும். அதுவரை இருவருக்கும் ஒரே கருத்து. பத்து செக்கனுக்கு ஒருமுறை அனுப்பலாம் என்றேன் நான். பம்பலப்பிட்டியில் நெரிசலில் அசையாமல் நிற்கும் பஸ் எதற்குப் பத்து செக்கனுக்கு ஒருமுறை 'இங்கேதான் நிற்கிறேன்' என்று சொல்ல வேண்டும் என்கிறார் அவர். அசைவை உணரும் சென்சரைக் கேட்டுவிட்டு, அசைந்தால் மட்டும் ஜிபிஎஸை எழுப்பலாமாம். அப்படியானால் நிற்கும் பஸ்ஸையும், சிக்னல் போன பஸ்ஸையும் பயணியின் திரையில் எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று கேட்டிருக்கிறேன். வரும் சனிக்கிழமை விடையோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.